டாக்டரே தொப்பையோடு இருக்கிறார், என்னை மட்டும் ஏன் நடக்கச் சொல்கிறார்?

டெப்போக்காரர் மகள்:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக வீட்டில் ஓடும் ஒரு சண்டையை இங்கே கொண்டு வருகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பாவுக்கு 63 வயது. அரசுப் பேருந்தில் 29 வருடம் டிரைவர். ஓய்வு பெற்ற அடுத்த வருடமே சுகர் என்று தெரிந்தது, போன மாதம் பார்த்ததில் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சுகர் அளவு, 8.6. டாக்டர் மாத்திரையை ஏற்றி எழுதிவிட்டு, தினமும் அரை மணி நேரம் நடங்க, ராத்திரி சோற்றைக் குறைங்க, பீடியை விட்டுடுங்க என்று சொன்னார். அப்பா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே ஆரம்பித்துவிட்டார். "அவர் வயித்தப் பார்த்தியா நீ? மேசை மேல எண்ணெய் ஊறின தாள்ல வடை இருந்துச்சு. அவர் தின்னலாம், நான் திங்கக் கூடாதா?" வடை இருந்தது உண்மைதான், நானும் பார்த்தேன். அன்றிலிருந்து நடைக்குக் கூப்பிட்டாலே, "முதல்ல அந்த டாக்டரை நடக்கச் சொல்லு" என்கிறார். சாப்பாட்டிலும் மாற்றம் இல்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டாக்டர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை வைத்து நாம் எப்படி வாழ வேண்டும் என்று முடிவு செய்யலாமா கூடாதா?

கோவை மிதிவண்டி:
செய்யலாம் என்றுதான் நான் சொல்வேன் அக்கா. நான் அப்படித்தான் டாக்டரை மாற்றினேன். முன்பு பார்த்தவர் அறைக்குள் போனால் சிகரெட் வாடை வரும், பிரஷருக்கு மாத்திரை எழுதுவார், வேறு எதுவும் பேச மாட்டார். இப்போது பார்ப்பவர் காலையில் ரேஸ் கோர்ஸில் நடப்பார், நானே பல நாள் எதிரில் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மனதில் நிற்கிறது. உப்பைக் குறை என்று முன்பு பத்து பேர் சொல்லியும் கேட்காத நான் இவர் சொன்ன பிறகு ஊறுகாயை நிறுத்தினேன். உங்கள் அப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது.

நைட் டூட்டி:
அரசு மருத்துவமனையில் பி.ஜி. படிக்கிறேன், மெடிசின் பிரிவு. அக்கா, அந்த வடையை நான் பார்க்கவில்லை, ஆனால் அது எப்படி அந்த மேசைக்கு வந்தது என்று என்னால் சொல்ல முடியும். காலை எட்டு மணிக்கு ஓ.பி. ஆரம்பித்தால் மதியம் இரண்டு மணி வரை எழுந்திருக்க முடியாது. சாப்பாட்டுக்கு என்று தனியாக நேரம் கிடையாது, யாராவது டீயோடு ஒன்றைக் கொண்டு வந்து வைப்பார்கள், அடுத்த நோயாளி உள்ளே வருவதற்குள் பாதி, அவர் போன பிறகு மீதி. டூட்டி நாளில் நான் சாப்பிடும் இரவுச் சாப்பாடு கேட் எதிரில் இருக்கும் கடையில் பதினொன்றரை மணிக்குப் பரோட்டா. அப்புறம் விடியும் வரை வார்டு, மறுநாள் காலையில் ரவுண்ட்ஸ். இரவு ஷிப்ட் உடம்பின் கடிகாரத்தைக் குலைக்கிறது என்பதால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இலேயே அதை 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என்ற வரிசையில் வைத்தது, 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதே வரிசையில் நிறுத்தியது. இது எங்களுக்குத் தெரிந்தும்தான் டூட்டி பார்க்கிறோம். தயவுசெய்து என் வாழ்க்கையை யாரும் வழிகாட்டியாக எடுக்காதீர்கள். நான் சொல்வதை எடுங்கள். அதற்காகத்தான் இத்தனை வருடம் படித்தேன்.

பாலக்காட்டுச் சேகர்:
டாக்டர் தம்பி சொல்வதற்கு ஆதாரமே இருக்கிறது. கேரளத்தில் இந்திய மருத்துவச் சங்கம் 2007 முதல் 2017 வரை தங்கள் உறுப்பினர்களின் இறப்பைக் கணக்கெடுத்தது. சுமார் 10,000 டாக்டர்கள் இருந்த சங்கத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் 282 பேர் இறந்திருந்தார்கள், அவர்களின் சராசரி வயது 61.75. கேரள மக்களின் சராசரி ஆயுளோ 74.9. பதிமூன்று வருடம் குறைவு! மாரடைப்பும் புற்றுநோயும்தான் பாதிக்கு மேல். பேப்பரில் எல்லாம் பெரிதாக வந்தது. நம்மை விடச் சீக்கிரம் போகிறவர்களைப் பார்த்து நாம் என்ன கற்றுக்கொள்வது?

ஓய்வுபெற்ற கணக்கு:
சேகர் சார், கோபிக்க வேண்டாம், 34 வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன், இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நீங்கள் சொன்ன எண்களில் தப்பில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் தப்பு.

ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களில் பத்து வருடத்தில் விபத்திலோ நோயிலோ சிலர் இறந்திருப்பார்கள். அவர்களின் சராசரி வயதைப் போட்டால் இருபது வரும். கல்லூரிக்குப் போனால் இருபது வயதில் சாவு என்று சொல்வீர்களா? அங்கே இருப்பவர்களே இருபது வயதுக்காரர்கள், அறுபது வயதில் சாக அங்கே ஆளே கிடையாது. அதே மாதிரிதான் இதுவும். அந்தத் திட்டத்தில் முப்பது, நாற்பது, ஐம்பது வயது டாக்டர்கள் நிறைய. பத்து வருடத்தில் 10,000 பேரில் 282 பேர் என்றால், வருடத்துக்கு ஆயிரத்துக்கு மூன்று பேர் கூட இல்லை. மீதிப் பேர் உயிரோடு இருக்கிறார்கள் சார்! அவர்கள் எந்த வயது வரை இருப்பார்கள் என்பது அந்த 61.75-இல் இல்லவே இல்லை. நீங்கள் சொன்ன 74.9 ஆயுள் எதிர்பார்ப்பு, அது வேறு கணக்கு. இரண்டையும் கழித்துப் பதிமூன்று என்று சொல்லக் கூடாது. டாக்டர்களுக்கு மாரடைப்பு வருகிறது, அதைக் கவனிக்க வேண்டும் என்று அந்தச் சங்கம் கவலைப்பட்டது சரி. அவர்கள் சீக்கிரம் சாகிறார்கள் என்று முடிவு கட்ட அந்தக் கணக்கு போதாது.

பாலக்காட்டுச் சேகர்:
சரி சார், இப்படி யோசித்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கு:
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்த இழையின் கேள்விக்கே இதுதான் பதில் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1940-களில் இங்கிலாந்தில் நுரையீரல் புற்றுநோய் ஏறிக்கொண்டே போனது. காரணம் தெரியவில்லை. அப்போது அங்கே பெரும்பாலான ஆண்கள் புகைத்தார்கள், டாக்டர்களும் புகைத்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் கேமல் சிகரெட் கம்பெனி 'மற்ற சிகரெட்டுகளை விட டாக்டர்கள் அதிகம் புகைப்பது கேமல்தான்' என்று பத்திரிகைகளில் விளம்பரமே கொடுத்தது, படத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர். உங்கள் அப்பா கேட்பதைத்தான் அந்த விளம்பரமும் தலைகீழாகச் சொன்னது: டாக்டரே செய்கிறார், அப்போ நீயும் செய்யலாம்.

ரிச்சர்ட் டால் என்ற டாக்டரும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல்காரரும் லண்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கேட்டு ஆராய்ந்தார்கள். டாலுக்கு முதலில் சந்தேகம் ரோட்டுத் தார் மேலும் கார்ப் புகை மேலும். அவரே புகைப்பவர். கணக்கு வர வர, ஆய்வு முடிவதற்குள்ளேயே 1949-இல் சிகரெட்டை விட்டுவிட்டார். தான் எழுதிய எண்ணைத் தானே நம்பினார்!

முடிவை 1950-இல் வெளியிட்டும் பலர் ஏற்கவில்லை. அதனால் 1951-இல் நாட்டில் பதிவு செய்த எல்லா டாக்டர்களுக்கும் கடிதம் எழுதினார்கள், ஏறக்குறைய 60,000 கடிதம், நீங்கள் புகைக்கிறீர்களா, எவ்வளவு என்று சில கேள்விகள் மட்டும். 40,000-க்கு மேல் பதில் வந்தது. ஏன் டாக்டர்கள்? ஒழுக்கமானவர்கள் என்பதற்காக இல்லை. பதிவேட்டில் பெயர் இருக்கும், எங்கே போனாலும் தேடிப் பிடிக்கலாம், இறந்தால் தெரிந்துவிடும். 1954-இலேயே முதல் முடிவு வந்துவிட்டது. அப்புறமும் விடாமல் அவர்களில் 34,000-க்கு மேற்பட்ட ஆண் டாக்டர்களை ஐம்பது வருடம் தொடர்ந்தார்கள். 2004-இல் வந்த கடைசிக் கணக்கு: வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னால் இறந்தார்கள். அறுபது வயதில் விட்டவர்களுக்கு மூன்று வருடம் திரும்பக் கிடைத்தது, ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு, நாற்பதில் ஒன்பது, முப்பதில் விட்டால் ஏறக்குறைய முழுசும். டால் 92 வயது வரை இருந்தார்.

அம்மா, இதில் நான் பார்ப்பது என்னவென்றால், ஒரு டாக்டர் என்ன செய்கிறார் என்பது அவர் சொந்தக் கதை. இத்தனை ஆயிரம் டாக்டர்களை எண்ணி, யார் இருந்தார்கள், யார் போனார்கள் என்று ஐம்பது வருடம் பார்த்தது அப்படி இல்லை, அது நம் எல்லோருக்குமான செய்தி. அந்த டாக்டர்களில் பலர் தப்பாக வாழ்ந்ததால்தான் நமக்கு அது தெரிந்தது. புகைத்தவர்களும் அந்தக் கணக்குக்குள் இருந்தார்கள், தங்கள் உயிரால் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்பாவிடம் அந்த வடையைப் பற்றி வாதாட வேண்டாம். அறுபதில் விட்டால் மூன்று வருடம் என்பதைச் சொல்லுங்கள். அது சிகரெட் கணக்கு, பீடிக்கு அப்படியே போட முடியாது, ஆனால் சின்னதாக இருக்கிறது என்பதற்காகப் பீடியைச் சாதாரணமாக நினைக்கவும் கூடாது.

தேனிக்காரி:
டாக்டர் செய்வதைப் பார்த்துச் செய்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் பார்த்துவிட்டோம். மாமாவுக்கு ஒரு டாக்டர் நண்பர், காலை நடையில் பழக்கம். அவர் தினமும் சின்ன ஆஸ்பிரின் போடுவார். மாமாவும் கடையில் வாங்கிப் போட ஆரம்பித்தார், யாரையும் கேட்கவில்லை, அவருக்கு இதயத்தில் எந்தப் பிரச்சினையும் கிடையாது. ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது, தலை சுற்றி விழுந்தார். வயிற்றில் புண், ரத்தக் கசிவு. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிறகு விசாரித்தால், அந்த நண்பருக்கு இதய ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்திருக்கிறது, அதற்காகத்தான் அவர் மாத்திரை போடுகிறார். மாமாவுக்கு அது தெரியவே தெரியாது. அந்த ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை உட்கார்ந்திருந்த நிலையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

நைட் டூட்டி:
தேனி அக்கா, இதை எழுதியதற்கு நன்றி, எங்கள் வார்டில் இந்த மாதிரி நிறையப் பார்க்கிறோம். ஆஸ்பிரின் கதையும் டாக்டர்களிடமிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் 22,071 ஆண் டாக்டர்கள் தங்கள் மேலேயே சோதித்தார்கள், பாதிப் பேருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 1989-இல் வந்த இறுதி முடிவு, முதல் மாரடைப்பு 44 சதவீதம் குறைந்தது என்று. உலகம் முழுக்க ஆரோக்கியமாக இருப்பவர்களும் போட ஆரம்பித்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களிடம், பெரும்பாலும் எழுபது வயதுக்கு மேல், பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. இதய நோய் இல்லாத அவர்களுக்கு ஆஸ்பிரினால் நன்மை தெரியவில்லை, ரத்தக் கசிவு மட்டும் அதிகம். கணக்கு சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எண்ணிப் பார்த்த பிறகும், யாரை எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும்.

முக்கியமாக ஒன்று: ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்கு அது தேவை. நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம்.

வடமராட்சி:
நான் லண்டனில் இருபது வருசமாகத் தாதியாக வேலை செய்கிறேன். தங்கச்சி, உங்கட அப்பா பஸ் சாரதி என்று வாசித்த உடனே எழுத வேண்டும் போல இருந்தது, ஏனென்றால் உடற்பயிற்சியைப் பற்றி உலகத்துக்கு முதன்முதலில் ஒழுங்காகக் கணக்குக் காட்டியதே இங்கத்தைய பஸ்காரர்கள்தான். ஜெரி மோரிஸ் என்ற டொக்டர் 1953-இல் எழுதியது. இங்கே இரட்டைத் தட்டு பஸ், சாரதி நாள் முழுக்க இருந்தபடி, நடத்துநர் மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டு, ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி வரை. இரண்டு பேரும் ஒரே மாதிரிக் குடும்பம், ஒரே பஸ், ஒரே புகை. ஆனால் மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவு, வந்தாலும் உயிர் போவது குறைவு. பிறகு 1956-இல் சீருடை அளவை எடுத்துப் பார்த்தார், சாரதிகளுக்குக் காற்சட்டை இடுப்பளவு கூட. மோரிஸ் தானும் வயது போகும் வரை நடந்தவர், நீந்தியவர். 99 வயதில் 2009-இல் காலமானார். அவர் நடந்தபடியால் நாங்கள் நடக்க வேண்டும் என்றில்லை. அப்பாவைப் போல ஆட்களை எண்ணிப் பார்த்துத்தான் அது தெரிய வந்தது. இதை அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கோ.

கோவை மிதிவண்டி:
எல்லாம் படித்தேன். கணக்கு சார் சொல்வதை ஏற்கிறேன், ஆனாலும் என் பக்கம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அட்லாண்டாவில் 2000-ஆம் ஆண்டு ஒரு ஆய்வு வந்தது. மருத்துவமனையில் காத்திருந்தவர்களுக்கு ஒரு டாக்டர் பேசும் வீடியோ காட்டினார்கள். சிலருக்குக் காட்டியதில் அவர் உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரை மட்டும் சொன்னார். மற்றவர்களுக்குக் காட்டியதில் தான் என்ன சாப்பிடுகிறேன், எப்படி உடற்பயிற்சி செய்கிறேன் என்றும் கூடவே சொன்னார், மேசை மேல் ஒரு ஆப்பிளும் சைக்கிள் ஹெல்மெட்டும் இருந்தன. அதைப் பார்த்தவர்கள்தான் அந்த டாக்டரை அதிகம் நம்பினார்கள், அவர் பேச்சு தூண்டுதலாக இருந்தது என்றார்கள். ஆப்பிளும் ஹெல்மெட்டும் அறிவுரையை மாற்றவில்லை, கேட்கும் காதைத் திறந்தன. அந்த டாக்டர் இந்த அக்காவின் அப்பாவிடம் வடையை ஓரமாக வைத்துவிட்டு, 'எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதை எதிர்பார்ப்பது தப்பா?

நைட் டூட்டி:
தப்பில்லை அண்ணா. அது எங்கள் பக்கக் குறைதான். நாங்கள் அதைச் சொல்லப் பழகவில்லை.

அக்கா, அடுத்த முறை போகும்போது நீங்களே கேளுங்கள். "நீங்க என்ன சாப்பிடுறீங்க" என்று கேட்டால் சண்டை மாதிரி இருக்கும். "சார், உங்களுக்கு என் அப்பா மாதிரி ரிப்போர்ட் வந்தா முதல்ல எதை மாத்துவீங்க?" என்று கேளுங்கள். நோயாளி இப்படிக் கேட்டால் எந்த டாக்டரும் ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைப்பார். அப்புறம் நீங்களும் சுகர் பார்த்துக்கொள்ளுங்கள், அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சுகர் எல்லையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் பார்த்தார்கள். ஒன்றும் மாற்றாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சுகர் வந்தது, நடை, உணவு மாற்றியவர்களில் 39 பேருக்கு. நம் ஊர் உடம்பு, நம் ஊர்ச் சாப்பாடு, அதனால் இந்த எண்ணை நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

டெப்போக்காரர் மகள்:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டாக்டரிடம் போய்விட்டு வந்தோம். தம்பி சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அப்பா முன்னால் வைத்தார். அப்பா போடும் அதே மாத்திரை, அதே மில்லிகிராம். "ஒன்பது வருஷமா எனக்கும் சுகர் இருக்குங்க. சிகரெட்டை விட்டேன், அது முடிஞ்சுது. சாப்பாடு இன்னும் முடியல. நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க, உங்களுக்கு நேரம் இருக்கு, நீங்க நடங்க" என்றார். அப்பா அந்த அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் லண்டன் அக்கா சொன்ன பஸ் கதையைச் சொன்னேன். அதற்குத்தான் வாய் திறந்தார். "நம்ம கண்டக்டர் இன்னும் ஒல்லியாத்தான் இருக்கான், அப்பவே கூட்டத்துல முன்னாடி பின்னாடி போய்க்கிட்டே இருப்பான், நான்தான் சீட்டுலயே கிடந்தேன்" என்றார். மறுநாள் காலையில் அந்தக் கண்டக்டர் மாமாவுக்கு அவரே போன் போட்டார். இப்போது இரண்டு பேரும் பழைய பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து போய்விட்டு வருகிறார்கள். பீடி ஒரு நாளைக்கு ஒரு கட்டிலிருந்து நாலுக்கு வந்திருக்கிறது, முழுசாக விடவில்லை, நான் விடப்போவதும் இல்லை. நானும் பார்த்துக்கொண்டேன், எல்லையில் இருக்கிறது.

ஒரே ஒரு பிரச்சினை. நடந்துவிட்டு வந்தால் பாதம் எரிகிறது என்கிறார். ரப்பர் செருப்புதான் போடுகிறார். என்ன வாங்குவது?

நைட் டூட்டி:
முதலில் பாதத்தை யாரிடமாவது காட்டுங்கள் அக்கா, நரம்பு உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், எரிச்சலைச் செருப்பு மேல் மட்டும் போட்டுவிடக் கூடாது. செருப்புக்கு எம்.சி.ஆர். (சுகர்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர்) என்று கேட்டு வாங்குங்கள், பின்பக்கம் பட்டை வைத்தது. வெறுங்காலில் வாசலுக்குக் கூட வர வேண்டாம். ராத்திரி படுக்கும் முன் நீங்களே விளக்கு வெளிச்சத்தில் விரல் இடுக்கு வரை பாருங்கள்.

டெப்போக்காரர் மகள்:
சரி தம்பி. நாளைக்கே கூட்டிப் போகிறேன்.